பல்செட்காரர் பூட்டிய கிட்டார் கழுத்து

அந்தத் தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பது சந்தேகம். 'பல்செட்காரரே' என்றால் போதும், எந்தக் கூட்டத்திலும் தலை திரும்பும். முப்பது வருஷமாகப் பல் டாக்டரம்மாவின் கிளினிக்குக்குப் பின்னால், ஒரு ஜன்னலும் ஓயாமல் கடகடக்கிற ஒரு ஃபேனும் உள்ள அறையில் உட்கார்ந்து அடுத்தவர் வாய்க்குப் பல் செய்கிறவர். டாக்டரம்மா வாயில் அச்செடுத்து அனுப்புவார். இவர் அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றித் தாடையை வார்ப்பார், மெழுகில் பல் அடுக்குவார், ரோஸ் நிறத்தில் ஈறு வைப்பார், தேய்த்துப் பளபளப்பாக்கித் திருப்பி அனுப்புவார். முகம் ஒன்றும் அவருக்கு ஞாபகம் இருக்காது. வாயைத் திறந்து காட்டினால், "அட, நீங்களா! அக்கா சௌக்கியமா?" என்பார்.

"இந்தத் தெருவுல பாதிப் பேர் சிரிக்கறது என் சிரிப்பு" என்பது அவருடைய பழைய ஜோக். அதோடு விட மாட்டார். "என் சொந்தச் சிரிப்பைப் பாருங்க, கடைவாய்ல ரெண்டு காணோம். வாத்தியார் பிள்ளை மக்குன்னு சும்மாவா சொன்னாங்க?" என்று அடுத்த வரியையும் அவரே சொல்லிவிடுவார். தன்னைத் தானே வாருவதில் அவருக்கு இணை கிடையாது. அடுத்தவன் வாருவதற்கு முன்னால் நாமே வாரிக்கொண்டால் அவ்வளவாக வலிக்காது என்பது அவர் கண்டுபிடிப்பு. படிக்கிற காலத்தில் பல் டாக்டராக ஆசைப்பட்டாராம். மார்க் வந்ததும் ஆசை போய்விட்டது. "பல் பிடுங்கற காலேஜுக்குப் போனேன், வாசல்லயே என்னைப் பிடுங்கிப் போட்டுட்டாங்க" என்பார். பிளாஸ்டர் கிண்ணம் கழுவுகிற வேலையில் சேர்ந்து, பார்த்துப் பார்த்துப் பழகி, அந்த வட்டாரத்திலேயே அவர் செய்கிற மாதிரி கச்சிதமாகப் பல் செட் யாரும் செய்வதில்லை என்கிற பெயரை எடுத்தவர். அந்தப் பெயர் கொஞ்சம் தலைக்கும் ஏறியிருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எதைப் பற்றியும் ஜோக் அடிக்கிற மனிதருக்கு ஒன்றைப் பற்றி மட்டும் வாய் வராது.

அவர் மனைவி கணக்கு டீச்சர். கல்யாணமாகி வந்தபோது இரண்டு பெட்டியும் ஒரு கறுப்பு உறையும் கொண்டு வந்தாள். உறைக்குள் ஒரு எலெக்ட்ரிக் கிட்டார். கல்லூரியில் நாலு பெண்கள் சேர்ந்து ஒரு பாண்ட் வைத்திருந்தார்கள், அதில் அவள்தான் கிட்டார். புது வீட்டில் அவர் வேலைக்குப் போனபிறகு எடுத்து வாசிப்பாள். சாயங்காலம் மாடிப்படி ஏறும்போது அவர் காதில் விழும். கதவைத் திறப்பதற்குள் கிட்டார் உறைக்குள் போயிருக்கும், அவள் அடுப்படியில் இருப்பாள். அது மரியாதையா, வெட்கமா, இவருக்கு எதற்குக் காட்ட வேண்டும் என்பதா என்று அவர் கேட்டதே இல்லை. மரியாதை என்று தனக்குச் சாதகமாக எழுதிக்கொண்டார்.

மகன் பிறந்து எட்டு மாதம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், குழந்தை தூங்கிய நேரமாகப் பார்த்து, அவள் அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாக வாசித்தாள். இவர் கட்டிலில் படுத்தபடியே குரல் கொடுத்தார்: "கொஞ்சம் நிறுத்தறியா? மனுஷன் ஒருநாள் தூங்க வேண்டாமா?"

நிறுத்தினாள். இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று, இன்னும் ஆரம்பிக்கவில்லை. சண்டை போடவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. கிட்டாரை யாரோ சிநேகிதியின் தங்கைக்குக் கொடுத்துவிட்டாள். அதைக்கூட இவர் கவனித்தது மூன்று மாதம் கழித்து, சூட்கேஸ் தேடி அலமாரி மேலே கையை விட்டபோதுதான். அப்போதாவது கேட்டிருக்கலாம். "கேக்கலையே, கேணையன் மாதிரி சூட்கேஸைத் தூக்கிட்டு வந்தேன்" என்று இப்போது தனியாக இருக்கும்போது தன்னையே திட்டிக்கொள்வார்.

மகன் வேலைக்கு வெளியூர் போனபிறகு வீடு அமைதியாகிவிட்டது. அந்த அமைதியில் ஒருநாள் போன் வந்தது. பாண்டில் டிரம்ஸ் அடித்த சிநேகிதி. பழைய மாணவிகள் எல்லாரும் கூடுகிறார்களாம், அடுத்த மாதம் முதல் ஞாயிறு, நாம் நாலு பேரும் மேடை ஏறுகிறோம் என்று ஒரே கூச்சல். இவர் செய்தித்தாளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். மனைவி சிரித்துச் சிரித்துப் பேசினாள். கடைசியில் குரல் இறங்கியது.

"கிட்டாரும் இல்ல, விரலும் இல்ல. என்னை விட்டுடுங்கடி."

அந்த 'விட்டுடுங்கடி' பல்செட்காரரின் நெஞ்சில் போய்த் தைத்தது. தான் ஒரு மத்தியானத் தூக்கத்துக்காக எதைப் பிடுங்கிப் போட்டோம் என்பது அன்றைக்குத்தான் முழுசாக உறைத்தது. ஐந்து வாரம் இருக்கிறது. அதற்குள் அவள் கையில் ஒரு கிட்டாரைக் கொடுத்து அவளை அந்த மேடையில் ஏற்றியாக வேண்டும் என்று முடிவு செய்தார்.

புத்தியுள்ளவன் என்ன செய்வான்? அவளையும் கூட்டிக்கொண்டு நேரே கடைக்குப் போய், "அம்மாவுக்குப் பிடிச்சதைக் காட்டுங்க" என்று வாங்கிக் கொடுப்பான். நம்மவர் அப்படிச் செய்வாரா? கடையில் வாங்கிக் கொடுத்தால் அது மன்னிப்பு ஆகாதாம், சாமானாம். தன் கையால் செய்ய வேண்டுமாம். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் வாய் புண்ணாகிற பல்செட்டையே செய்கிறவனுக்கு ஒரு மரக்கட்டை எம்மாத்திரம் என்று ஒரு நினைப்பு. நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்கும் என்பார்கள்.

அவள் வாசிக்கிற போட்டோ வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கல்லூரி மேடை, பின்னால் டிரம், முன்னால் ரெட்டைச் சடையோடு கிட்டாரைப் பிடித்துக்கொண்டு அவள். ஆல்பத்திலிருந்து அதைத் திருட்டுத்தனமாக உருவி, கிளினிக்கில் தன் அறைக்குக் கொண்டுபோய், டிவைடரை வைத்து அளந்தார். அளக்கும்போது ஒன்று உறுத்தியது. கிட்டாரின் கழுத்து போட்டோவில் இடது பக்கம் நீண்டிருந்தது. மற்றவர்கள் வாசிக்கிற படங்களில் எல்லாம் வலது பக்கம் அல்லவா நீளும்?

ஒரு நிமிஷம் யோசித்தார். உடனே முகம் மலர்ந்துவிட்டது. அட, நெகட்டிவைத் திருப்பிப் போட்டுப் பிரிண்ட் எடுத்துவிட்டான் ஸ்டூடியோக்காரன்! அவள் எழுதுவது வலது கை, சாப்பிடுவது வலது கை, போர்டில் கணக்குப் போடுவது வலது கை. வேறென்ன இருக்க முடியும்? அச்சில் இடது என்றால் வாயில் வலது. முப்பது வருஷமாக இந்தத் திருப்பலில்தான் அவர் பிழைப்பே ஓடுகிறது. வேறு யாராவது என்றால் ஏமாந்திருப்பார்கள் என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டார்.

கழுத்தை மட்டும் கிட்டார் கடையில் தயாராக வாங்கிக்கொள்வது, உடம்பைத் தானே செய்வது, இரண்டையும் நாலு திருகில் பூட்டுவது என்று திட்டம்.

"வாசிக்கறவங்க லெஃப்ட் ஹாண்டா, ரைட் ஹாண்டா சார்?" என்றார் கடைக்காரர்.

இவர் போட்டோவை நீட்டினார்.

"இதுல லெஃப்ட் மாதிரி தெரியுதே."

"தெரியும் சார், ஆனா அது இல்ல. நெகட்டிவ் திரும்பியிருக்கு. நாங்கல்லாம் தலைகீழ் அச்சுலயே பழகினவங்க, பாத்த உடனே சொல்லிடுவோம்."

"எதுக்கும் வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுடுங்களேன்."

"கேட்டுட்டா அப்புறம் சர்ப்ரைஸ் என்ன ஆவறது?"

கடைக்காரர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ரைட் கழுத்தைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

உடம்பை அறுக்க இரண்டு தெரு தள்ளி இருக்கிற தச்சரிடம் போனார். கதவு, அலமாரி செய்கிற தச்சர். அவருடைய மேல்வரிசைப் பல் முழுக்க நம்மவர் செய்தது, அதனால் மறுக்க முடியாத சிநேகம். நல்ல காய்ந்த பலகையாகப் பார்த்து எடுத்து, வரைந்து கொடுத்தபடி அறுத்து, ஓரம் உருட்டி, கழுத்து வந்து உட்காரும் குழியையும் மெஷினில் வெட்டிக் கொடுத்தார். கழுத்தை வைத்துப் பார்த்தார்கள். ஒரு மயிரிழை இறுக்கம், உள்ளே போகவில்லை.

"உப்புத்தாளை வெச்சு ரெண்டு தேய் தேய்ச்சா போதும்," என்றார் தச்சர். "ரெண்டுன்னா ரெண்டுதான், மாஸ்டர். கழுத்தைக் குழியில வெச்சு உடம்பைத் தூக்கினா, திருகு இல்லாமலே அது விழாம நிக்கணும். அவ்ளோதான் கணக்கு."

சொன்னதைச் சொன்னபடி செய்தால் அவர் பல்செட்காரர் ஆவாரா? உடம்பையும் கழுத்தையும் தன் அறைக்குக் கொண்டுபோனார். பல் டாக்டர் நம் வாயில் நீலத் தாளை வைத்துக் கடிக்கச் சொல்வாரே, எங்கே உயரமாக இருக்கிறதோ அங்கே நீலம் ஒட்டும், அங்கே மட்டும் தேய்ப்பார்கள். அந்தத் தாளைக் குழிக்குள் விரித்துக் கழுத்தை வைத்து அழுத்தினார். மூன்று இடத்தில் நீலப் பொட்டு. பல் தேய்க்கிற சின்ன மெஷினால் அந்த மூன்றையும் தேய்த்தார். மறுபடி தாள். இப்போது வேறு இரண்டு இடத்தில் பொட்டு. தேய்த்தார். மறுபடி தாள், மறுபடி பொட்டு. பொட்டு இருக்கும்வரை விடக்கூடாது என்பது தொழில் தர்மம். மத்தியானம் சாப்பிடவும் மறந்து தேய்த்துக்கொண்டே இருந்தவர், கடைசியில் பொட்டே விழாத நிலையை எட்டி, பெருமையோடு கழுத்தைக் குழியில் வைத்து உடம்பைத் தூக்கினார்.

கழுத்து கீழே விழுந்தது. நல்லவேளை, கால் மேல் விழுந்ததால் கழுத்துக்கு அடிபடவில்லை.

எடுத்து வைத்து அசைத்தால் ஆடுகிறது. விழப்போகிற பல் எப்படி ஆடுமோ அப்படி. நாற்காலியின் நாலு காலையும் சமன் செய்யப்போய்க் கடைசியில் பலகையாக்கின ஆளின் கதை இவருக்குத் தெரியும், பத்துப் பேரிடம் சொல்லிச் சிரித்தவர்தான். "இப்ப சிரிடா மேதாவி" என்று சொல்லிக்கொண்டார். தச்சரிடம் போனால் மானம் போகும். என்ன செய்யலாம்? பல்செட் லூசானால் என்ன செய்வோம்? உள்பக்கம் ஈறு மாவு பூசி மறுபடி அச்செடுப்போம். ஆகா! கழுத்தின் அடியில் ஒட்டாமல் இருக்க வாஸலின் தடவி, குழியின் இரண்டு ஓரத்திலும் ரோஸ் மாவைப் பூசி, கழுத்தை அழுத்தி உட்கார வைத்து, அது கெட்டியாகும்வரை இறுக்கிப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா ஏதோ கேட்க உள்ளே எட்டிப் பார்த்தார். ஒரு கிட்டாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தன் டெக்னீஷியன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

மறுநாள் தச்சர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளிர் மரத்துக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு ஓரமும் ரோஸ் கோடு.

"என்ன மாஸ்டர் இது?"

"ஈறு."

தச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். ரொம்பச் சிரித்தால் மேல்வரிசை கழன்றுவிடும் என்கிற பயம் அவருக்கு உண்டு. சிரித்து ஓய்ந்ததும் உடம்பைத் தூக்கிக் கவிழ்த்தார். கழுத்து அசையவில்லை. குலுக்கினார், அப்போதும் அசையவில்லை. "பாக்கத்தான் கண்றாவி, பிடிப்பு பிரமாதம்," என்று ஒப்புக்கொண்டார்.

அடுத்தது நாலு திருகு. இது தன் கையாலேதான் ஆக வேண்டும் என்று நம்மவர் நின்றார். கழுத்தின் மேல்முனையில் இரண்டு ஓரத்திலிருந்தும் இரண்டு நூலைக் கம்பிகள் முடிகிற இடம்வரை இழுத்துக் கட்டிப் பார்த்தார்கள். இரண்டு நூலும் கழுத்தின் ஓரத்திலிருந்து ஒரே தூரத்தில் ஓடினால் கழுத்து நேராக இருக்கிறது என்று அர்த்தம். ஓடியது. கிளாம்ப் போட்டு இறுக்கி, பின்பக்கத்திலிருந்து நாலு ஓட்டை போட்டு, திருகில் மெழுகு தடவி முறுக்கினார். நாலும் இறுகிவிட்டது, கிளாம்பையும் கழற்றினார். ஆனால் கழுத்துக்கும் குழியின் அடிப்பக்கத்துக்கும் நடுவில் ஒரு காகிதம் நுழைகிற இடைவெளி. இன்னும் முறுக்கினார். முகம் சிவந்ததே தவிர இடைவெளி மூடவில்லை.

"உடம்புலயும் கழுத்துலயும் ஒரே ஓட்டையா போட்டீங்க?" என்றார் தச்சர்.

"ஆமா."

"அப்ப ரெண்டுலயும் மரை கடிச்சிருக்கும். ரெண்டையும் கடிச்சா ஒண்ணை ஒண்ணு எப்படி இழுக்கும்? உடம்புல திருகு லூசா, சுத்தினா சும்மா சுத்தற மாதிரி போகணும். கழுத்துல மட்டும்தான் கடிக்கணும். அப்பத்தான் வந்து ஒட்டும்."

நாலு திருகையும் கழற்றி, உடம்பின் ஓட்டையை மட்டும் பெரிதாக்கி, கழுத்தில் எதிர்ப்பக்கம் துளைத்துக்கொண்டு வந்துவிடாமல் இருக்க ட்ரில்லில் டேப் சுற்றி ஆழம் பார்த்து, மறுபடி முறுக்கினார். இந்தத் தடவை கழுத்து மெல்ல வந்து குழியில் உட்கார்ந்தது, இடைவெளி காணாமல் போயிற்று. பல்செட்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. மெழுகு பட்டுவிட்டது என்று தச்சரிடம் சொன்னார்.

வயர் வேலையைக் கிட்டார் கடைக்காரர் முடித்து, கம்பி போட்டு, சுருதியும் கூட்டிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மனைவி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டு அறைக்குள் போனாள். கட்டிலில் போர்வை போர்த்தி வைத்திருந்தார். இவர் கதவோரம் நின்றார். போர்வையை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். விரலால் மரத்தைத் தொட்டாள், கம்பியைத் தொட்டாள், கட்டிலில் உட்கார்ந்து அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

வைத்துக்கொண்டவள் அதை ஒரு சுற்றுச் சுற்றினாள். கழுத்து அவளுடைய வலது கைக்குப் போய்விட்டது. சத்தம் கூட்டுகிற குமிழ்கள் எல்லாம் மேலே வந்து முழங்கையில் இடித்தன.

"அப்படி இல்லம்மா, தலைகீழா பிடிச்சிருக்கே," என்றார் பல்செட்காரர். திருத்தினார்! அவளை! பின்னால் எத்தனையோ நாள் இந்த ஒரு வாக்கியத்தை நினைத்து நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "யாரு, நானா?"

"பின்ன? கழுத்து இடது கைல வரணும்ல?"

"எதைப் பாத்து செஞ்சீங்க?"

அவர் பெருமையாகப் போட்டோவை எடுத்தார். ஸ்டூடியோக்காரன் நெகட்டிவைத் திருப்பிப் போட்ட கதையையும், தான் அதைக் கண்டுபிடித்த சாமர்த்தியத்தையும் விலாவாரியாகச் சொன்னார். அவள் முழுக்கக் கேட்டாள்.

"பின்னாடி டிரம்ல எங்க பாண்டு பேர் எழுதியிருக்கு. படிங்க."

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "மொட்டை மாடி."

"எழுத்து நேரா இருக்கா, திரும்பியிருக்கா?"

பல்செட்காரர் இன்னொரு தடவை பார்த்தார். எழுத்து என்னவோ அப்படியே, நேராக, குழந்தைகூடப் படிக்கிற மாதிரிதான் இருந்தது. மூன்று வாரத்துக்கு மேலாக டிவைடரை வைத்து அந்தப் போட்டோவை அங்குலம் அங்குலமாக அளந்த ஆளுக்கு, அதில் எழுதியிருப்பதை ஒருதரம் படிக்கத் தோன்றவில்லை.

"ஆனா நீ எழுதறது வலது கைதானே?" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

"எழுதறது வலது கை. எனக்குப் பொறந்ததுலேருந்து இடதுதான் வரும். ஸ்கேலால அடிச்சு அடிச்சு எழுதறதை மாத்தினாங்க. சாப்பிடறதை மாத்தினாங்க. கத்தரிக்கோல் பிடிக்கறது, பல் தேய்க்கறது, எல்லாத்தையும் மாத்தினாங்க. கிட்டார் வாசிக்கறது வீட்டுல யாருக்கும் தெரியாது. அதனால அது ஒண்ணு மட்டும் என் கையிலேயே இருந்துச்சு."

இதை அவள் குற்றமாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு வந்தது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் தன்னை வாரிக்கொள்ள ஒரு ஜோக் வந்து நாக்கில் நிற்கும். தேடிப் பார்த்தார், ஒன்றும் வரவில்லை. வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். இருபத்திநாலு வருஷம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு, யாரென்றே தெரியாத ஒருத்தியின் தாடையை அளப்பதில் காட்டிய அக்கறையில் பாதியைக்கூட இவளிடம் காட்டவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

"நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்மா," என்றார். "இப்ப இல்ல. அப்பவே. தூங்கணும்னு உன்னை நிறுத்தச் சொன்னேன் பாரு, அன்னிக்கு."

அவள் கம்பியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஞாபகம் இருக்கா உங்களுக்கு?"

"இருக்கு."

"உங்களுக்கு ஞாபகமே இல்லைன்னு நினைச்சுட்டிருந்தேன்," என்றாள். அப்புறம் அவள் விரல்களைக் கழுத்தின் மேல் வைத்தாள். கம்பிகள் எல்லாம் அவளுக்குத் தலைகீழ். தடித்த கம்பி இருக்க வேண்டிய இடத்தில் மெல்லியது. தட்டித் தடவி ஒரு சுரம், இரண்டு சுரம், தப்பு, மறுபடி ஒன்று. நாலாவது தடவை ஏதோ ஒரு பாட்டின் துண்டு கோணல்மாணலாக வெளியே வந்தது. அவளே சிரித்துவிட்டாள்.

"விரல் இருக்கு," என்றாள். "கிட்டார்தான் இல்ல."

"ஒன்பது நாள் இருக்கு. உடம்பைத்தான் மாத்தி அறுக்கணும். கழுத்து இதே போதும், மேல்முனையில கம்பி உக்கார்ற துண்டை மட்டும் இடக் கைக்கு மாத்திட்டா சரியாப் போச்சு. நாலு திருகுதானே, கழட்டிடலாம்." அவர் அப்போதே திருப்புளியோடு உட்கார்ந்துவிட்டார். கம்பியைத் தளர்த்தி, நாலு திருகையும் கழற்றி, கழுத்தைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. காலை உதைத்துக்கொண்டு இழுத்தார். ஊகூம்.

"அதென்ன அங்க, ரோஸ்ஸா?" என்று அவள் குனிந்தாள்.

"ஈறு," என்றார் பல்செட்காரர் பரிதாபமாக. நீலத் தாள், தேய்த்தது, விழுந்தது, மாவு பூசியது எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. அவள் சிரித்த சிரிப்பில் கட்டிலிலிருந்து இறங்கித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது. இந்தச் சிரிப்பை அவர் எந்த வாயிலும் வைத்துக் கொடுத்ததில்லை.

அவள் உடம்பை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்குகிற மாதிரி கழுத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அசைத்து அசைத்து இழுத்தார். 'பொளக்' என்று பிடுங்கிக்கொண்டு வந்தது. அவர் பின்னால் விழுந்தார்.

விழுந்தவர் எழுந்திருப்பதற்குள் அவள் போனை எடுத்திருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை நானும் வர்றேன்டி... ஆமா, நிஜமாத்தான்... கிட்டாரா? இருக்கு. உடம்பு தனியா கழுத்து தனியா இருக்கு. சேத்துடுவார்."

'சேத்துடுவார்' என்று அவள் சொன்னது அவருக்கு எந்த நற்சான்றிதழையும்விடப் பெரிதாக இருந்தது. ஆனாலும் மனசு ஆறவில்லை. அவள் போனை வைத்ததும், கையிலிருந்த கழுத்தைத் துடைத்தபடியே கேட்டார்:

"இந்த மாதிரி எனக்குத் தெரியாதது இன்னும் என்னென்ன இருக்கு?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். விளையாட்டுக்குக் கேட்கிறாரா என்று பார்த்தாள் போலிருக்கிறது. இல்லை என்று தெரிந்ததும் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"நிறைய இருக்கு. போய் டீ போட்டுட்டு வந்து உக்காருங்க, சொல்றேன்."

அவர் துள்ளிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். தண்ணீர் வைத்தார், தூளைத் தேடிக் கண்டுபிடித்தார், இரண்டு டம்ளரை எடுத்து வைத்தார். சர்க்கரை டப்பாவைத் திறந்து ஸ்பூனை விட்டவர் அங்கேயே நின்றார். அங்கிருந்தே குரல் கொடுத்தார்:

"உனக்குச் சர்க்கரை எத்தனை ஸ்பூன்?"

"நான் டீயை விட்டு ஆறு வருஷம் ஆச்சுங்க," என்றாள்.

பல்செட்காரர் அடுப்பை அணைத்தார். அறைக்குத் திரும்பி வந்து, ரோஸ் துணுக்குகளும் திருகுகளும் கிடந்த தரையில் அவளுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"முதல்லேருந்து சொல்லு," என்றார்.